இடப்பக்கத்து ஞானத் தகப்பன்

கொரோய்க்கோ,
பிப்ரவரி 2, 1995

இலாரியா அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று செலெஸ்தீனோ சொன்னான். அக்கா என்னைப் பற்றி விசாரித்தாளா என்று அவனிடம் கேட்டேன். அவன் உடனே தன் வேன் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான். விசாரிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

போன கார்னிவல் திருவிழாவில் இருந்து நமக்குள் பேச்சு இல்லை. இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா தம்பி சண்டை வண்டிக்குத் தெரியுமா? சில நாளாகப் பிரேக் மிதித்தால் முன்சக்கரத்தில் இரும்பு இரும்போடு உரசுகிறது. மிதி வேறு ஆழமாக உள்ளே போகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? “என்ன ருஃபீனோ, வண்டிக்குப் பல்வலியா?” என்று கேட்கிறார்கள். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

முன்சக்கரத்தில் பிரேக் பேடும் பின்சக்கரத்தில் பிரேக் ஷூவும் மாற்றியே ஆக வேண்டும். இங்கே மெக்கானிக் எதை எதையோ காட்டுகிறான், எல்லாம் பெட்டிதான் பளபளப்பு. எல் ஆல்ட்டோ சந்தையில் பிரேக் சாமானுக்கு உன் கடையைத்தான் எல்லா டிரைவரும் சொல்கிறார்கள். மழை விட்டபாடில்லை, மலைப்பாதை சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது. எது போடலாம் என்று நீயே சொல்.

உன் மகள் நியேவெஸ் நன்றாக இருக்கிறாள். அவள் கணக்குச் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்குப் பயப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டு இறங்கும்போது என் பக்கத்து சீட்டில்தான் உட்காருகிறாள். ஒரு மூட்டை ஆரஞ்சு அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி,
ருஃபீனோ


எல் ஆல்ட்டோ,
பிப்ரவரி 6

ருஃபீனோ,

ஆரஞ்சு வந்தது. சாப்பிட்டோம். மூட்டையை உதறியும் பார்த்தேன், மன்னிப்பு என்று எதுவும் விழவில்லை.

நான் என்ன விற்கிறேன்? பிரேக் சாமான். என் தம்பி என்ன வாங்கினான்? வேன். அதற்கு மாலை போட்டு, பீர் தெளித்து, ஞானத் தகப்பன் என்று ஒருவரை நிறுத்தினான். யாரை? பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் டொன் கசிமிரோவை. அதை எனக்கு யார் சொன்னது? பக்கத்துக் கடையில் மிளகாய் விற்கிறவள். “உன் தம்பிக்கு நல்ல பெரிய இடம் கிடைச்சிருக்கு போல” என்றாள். நான் சிரித்து வைத்தேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை எழுதிவிட்டேன், இனி தொழிலைப் பேசுவோம்.

இரும்பு உரசுகிறது என்றால் பேட் தீர்ந்துபோய் அடித்தகடு டிஸ்கில் பட்டுக்கொண்டிருக்கிறது. அதைச் சில நாளாக ஓட்டுகிறாயாம், அதுவும் என் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இதைப் படித்ததும் கையில் இருந்த பெட்டியைத் தரையில் போட்டேன். கோபத்தால் என்று நினைத்துக்கொள்.

பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார். ஓரத்தில் படி மாதிரி தட்டினால் டிரம் தேய்ந்திருக்கிறது, அதற்குக் கனமான ஷூ வேண்டும். பழைய பேட் ஒன்றும் பழைய ஷூ ஒன்றும் செலெஸ்தீனோவிடம் கொடுத்தனுப்பு. படம் வரைந்து அனுப்பாதே. உன் படத்தில் கழுதைக்கும் லாமாவுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதுவரை ஆள் ஏற்றாதே. ஏற்றுவாய் என்று தெரியும். கியரிலாவது இறங்கு.

இலாரியா


கொரோய்க்கோ,
பிப்ரவரி 10

அக்கா,

பழைய சாமான் அனுப்பியிருக்கிறேன், வண்டி நிற்கிறது. பேடைப் பார்த்துவிட்டுத் திட்டாதே, நானே பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டேன். டிரம்மில் படி இருக்கிறது. மெல்லியதுதான், ஆனால் விரலுக்குத் தட்டுகிறது.

மெத்தென்றது போடுவதா, கெட்டியானது போடுவதா? மெத்தென்றது கத்தாது, தொட்டதும் பிடிக்கும் என்கிறார்கள். கெட்டியானது நாள்பட உழைக்கும், ஆனால் டிஸ்கைத் தின்றுவிடும் என்கிறார்கள். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

இன்னொன்று கேட்க வேண்டும். கார்னிவல் செவ்வாய்க்கிழமை வண்டிக்கு மாலை போடுவோம் அல்லவா, அன்றைக்கே புதுப் பிரேக்கையும் மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். புதுசாக எது வந்தாலும் அதற்கு ஒரு ஞானப் பெற்றோர் வேண்டும். இந்தப் பிரேக்குக்கு நீ ஞானத்தாயாக இரு. என் வீட்டுக்காரி பசிலியாவும் அதைத்தான் சொன்னாள். அவள் சொல்வதற்கு முன்பே நான் நினைத்துவிட்டேன், அதையும் எழுதச் சொன்னாள்.

போன வருடம் உன்னைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். டொன் கசிமிரோ டிரைவர் சங்கத் தலைவர். எந்த வண்டி முதலில் கிளம்ப வேண்டும் என்று சொல்கிறவர். அவரே “நான்தான் நிப்பேன்” என்று வாய்விட்டுக் கேட்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ருஃபீனோ


எல் ஆல்ட்டோ,
பிப்ரவரி 17

தம்பி ருஃபீனோ,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மிளகாய்க்காரியிடமும் ஒரு தடவை படித்துக் காட்டினேன்.

பார்சலில் இரண்டு பெட்டி இருக்கும். சின்னப் பெட்டியில் முன்சக்கரப் பேட் நாலு, பெரியதில் பின்சக்கர ஷூ நாலு. என் கடையில் இருப்பதில் இதுதான் உனக்குச் சரி. ஏன் என்று சொல்கிறேன், நாளைக்கு எவனாவது வந்து குழப்பினால் நீ பதில் சொல்ல வேண்டும்.

பேட் கெட்டி ரகம், உலோகத்தூள் கலந்தது. நகரத்துக்குள் ஓடுகிறவனுக்கு மெத்தென்றது போதும். நீ மேலே கணவாயிலிருந்து கீழே வெக்கையான யுங்காஸ் பள்ளத்தாக்கு வரைக்கும் நிற்காமல் இறங்குகிறவன். பாதி வழியில் சக்கரம் அடுப்பாகிவிடும். மெத்தென்றது அந்தச் சூட்டில் வழுக்க ஆரம்பிக்கும், மிதிப்பாய், ஒன்றும் நடக்காது. கெட்டியானது சூடேற ஏறத்தான் நன்றாகக் கடிக்கும். மேலே குளிரில் முதல் இரண்டு மூன்று மிதிக்குக் கொஞ்சம் தயங்கும், பயப்படாதே, அதன் சுபாவம் அது. டிஸ்க் சீக்கிரம் தேயும்தான். டிஸ்க் என் கடையில் கிடைக்கும். நீ கிடைக்க மாட்டாய்.

ஷூ எல்லாம் லைனிங் பட்டையை ரிவெட் ஆணி அடித்துப் பொருத்தினது. பசை போட்டு ஒட்டினது மலிவு, பார்க்கவும் அழகு. அந்த இறக்கத்துச் சூட்டில் பசை விட்டுவிட்டால் லைனிங் கழன்று டிரம்முக்குள்ளே கிடந்து உருளும். உன் டிரம்முக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கனமாகவே தேடி எடுத்திருக்கிறேன்.

மாட்டியதும் கொரோய்க்கோவில் சமதரையில் மெதுவாக ஓட்டி மிதித்து மிதித்துப் பழக்கு. எண்ணெய்க் கையோடு லைனிங்கைத் தொடாதே. தொட விடாதே.

கார்னிவல் செவ்வாய் நான் வர முடியாது. அன்றைக்கு என் கடைக்கும் சாராயம் தெளிக்க வேண்டும், விட்டுவிட்டு வந்தால் வருடம் முழுக்க யாவாரம் படுத்துவிடும். எனக்குப் பதிலாக பசிலியா நிற்கட்டும். என் பெயரைச் சொல்லிப் பீர் தெளிக்கச் சொல். நல்ல சத்தமாகச் சொல்லச் சொல்.

உன் அக்கா


கொரோய்க்கோ,
மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு, இல்லை, என் பிரேக்கின் ஞானத்தாய்க்கு,

எல்லாம் நல்லபடி முடிந்தது. வண்டி முழுக்கக் காகிதச் சுருள், பூ, மாவு. பசிலியா உன் பெயரைக் கத்தின கத்தலில் கோயில் நாய்கள் குரைத்தன. மழைகூடக் கொஞ்ச நேரம் நின்றது.

கடைசி நேரத்தில் சின்ன சிக்கல் ஒன்று வந்தது, அதையும் சுமுகமாக முடித்துவிட்டேன். சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது டொன் கசிமிரோ வந்து நின்றார். கையில் தங்க நிறத்தில் பெட்டி. பேடும் ஷூவும், அவர் பங்க்கில் விற்பது. “வண்டிக்கே நான்தான் ஞானத் தகப்பன். வண்டிக்குப் பிரேக் மாத்துற, எனக்கு ஒரு வார்த்தை இல்ல?” என்றார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பீரைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் குடிக்கவில்லை.

உன்னையும் விட முடியாது, அவரையும் விட முடியாது. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கல்யாணத்தில் மோதிரத்துக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர், பீருக்கு ஒருவர் என்று ஞானப் பெற்றோர் நிற்பதில்லையா? அந்த மாதிரி இடப்பக்கம் அவருக்கு, வலப்பக்கம் உனக்கு என்று பிரித்துவிட்டேன். இடப்பக்கம்தான் டிரைவர் பக்கம், பள்ளத்துப் பக்கம், அதுதான் கனமான பக்கம் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வலது கை எப்போதும் அக்காவுக்கு என்று நான் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

உன் பேடில் இரண்டும் ஷூவில் இரண்டும் மிச்சம் இருக்கின்றன. பத்திரமாகப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், அடுத்த தடவைக்கு ஆகும். வண்டி நன்றாகப் பிடிக்கிறது. மேலே குளிரில் மிதித்தால் மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது. புதுசு இல்லையா, பழகிவிடும்.

ருஃபீனோ


எல் ஆல்ட்டோ,
மார்ச் 4, செலெஸ்தீனோ கிளம்பிக்கொண்டிருக்கிறான்

ருஃபீனோ, வண்டியை எடுக்காதே.

ஒரே அச்சில் ஒரு பக்கம் ஒரு ரகம், மறு பக்கம் வேறு ரகம் போடுகிறவனை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. பேட் ஏன் நாலாக ஒரே பெட்டியில் வருகிறது என்று யோசித்தாயா? கேக்கும் மோதிரமும் தனித்தனியாக இருக்கலாம். பிரேக் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் எந்தப் பக்கம் அதிகம் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும்.

தங்கப் பெட்டிக்காரர் கொடுத்தது மெத்தென்ற ரகம், பார்க்காமலே சொல்வேன். குளிரில் அது உடனே பிடிக்கும், என்னுடையது தயங்கும். அதனால்தான் இடப்பக்கம் இழுக்கிறது. இறங்குகிற வண்டி அந்தப் பாதையில் இடது ஓரமாகத்தான் போக வேண்டும். இடது ஓரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, ருஃபீனோ? உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சாய்கிற மாதிரி இருக்கிறது என்று எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறாய். மிச்சம் வைத்திருக்கும் நாலையும் இன்றைக்கே இடப்பக்கம் மாட்டு.

அக்கா


கொரோய்க்கோ,
மார்ச் 8

அக்கா,

நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. நான் இந்த வாரம் நன்றாகக் கவனித்துப் பார்த்தேன். மேலே கணவாயில் குளிராக இருக்கும்போது இடப்பக்கம் இழுக்கிறது, நீ சொன்னது சரி. ஆனால் பாதி வழி இறங்கிச் சூடானதும் உன் பேட் விழித்துக்கொள்கிறது, அவருடையது தூங்கிவிடுகிறது. அப்போது வலப்பக்கம் இழுக்கிறது. ஆக மேலே இடது, கீழே வலது. மொத்தமாகப் பார்த்தால் நேராகத்தான் வருகிறது. எனக்கும் பழகிவிட்டது. மேலே மிதிக்கும்போதே கை வலது பக்கம் கொஞ்சம் ஒடித்துக்கொள்கிறது, கீழே இடது பக்கம். யோசிக்க வேண்டியதே இல்லை.

கணவாயில் பூமித்தாய்க்குச் சாராயம் தெளிக்காமல் ஒருநாளும் இறங்குவதில்லை.

அவருடையதை இப்போது கழற்றினால் என்ன ஆகும் தெரியுமா? ஊர் முழுக்கப் பார்க்க மாட்டின சாமான். கழற்றுவது அவர் முகத்தில் துப்புகிற மாதிரி. என் முறையைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். கடைசி வண்டிக்கு ஆள் கிடைக்காது. நீ சந்தையில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாய், நான் இங்கே அவர் முகத்தில்தான் தினமும் விழிக்க வேண்டும்.

உனக்கு அவர்மேல் போன வருடத்துக் கோபம். அதைப் பிரேக்மேல் காட்டாதே.

ருஃபீனோ


எல் ஆல்ட்டோ,
மார்ச் 10

ருஃபீனோவுக்கு,

மேலே இடது, கீழே வலது, மொத்தத்தில் நேர். இந்தக் கணக்கை நியேவெஸிடம் சொன்னேன். கணக்கு டீச்சர் இல்லையா, சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

உன் பிரேக் மாறும் வரை அவள் உன் வண்டியில் வரமாட்டாள். இது என் முடிவு, அவளைக் கோபிக்காதே.

இலாரியா


கொரோய்க்கோ,
மார்ச் 14

இலாரியாவுக்கு,

அக்கா என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிலையத்தில் என் வேன் நிற்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். என் அக்கா மகள் என்னைத் தாண்டிப் போய்ச் செலெஸ்தீனோ வண்டியில் ஏறுகிறாள். தலையைக் குனிந்துகொண்டு, “மாமா, அம்மா சொல்லிட்டாங்க” என்றாள். அவ்வளவுதான். காய்கறிக்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, “சொந்தக்காரப் பொண்ணே ஏறல, நமக்கு எதுக்கு வம்பு” என்று மூட்டையோடு இறங்கினாள். அவள் பின்னாலேயே இன்னும் நாலு பேர். பாதி வண்டிதான் நிறைந்தது.

ஞாயிறு வரைக்கும் என்னை யாரும் பயந்தாங்கொள்ளி என்றோ, மோசமான டிரைவர் என்றோ சொன்னதில்லை. என் வீட்டு ஆளே சொல்ல வைத்துவிட்டாய். வழியில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நல்லபடி வந்து சேர்ந்தோம்.

உன் மிச்சப் பேடையும் ஷூவையும் திருப்பி அனுப்பலாம் என்று கட்டிவிட்டேன். பசிலியா கட்டை அவிழ்த்துவிட்டாள். அதனால் அனுப்பவில்லை.

ருஃபீனோ


எல் ஆல்ட்டோ,
மார்ச் 18

தம்பி,

வழியில் எல்லாம் நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். செலெஸ்தீனோவின் வண்டி உன் வண்டிக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது, மறந்துவிட்டாயா? நியேவெஸ் முன் சீட்டில் இருந்தாள்.

நேற்று வீட்டுக்கு வந்து சொன்னாள். பனிமூட்டம். கீழேயிருந்து மரம் ஏற்றின லாரி ஒன்று திடீரென்று வந்திருக்கிறது. நீ மிதித்திருக்கிறாய். வண்டி இடப்பக்கம் துள்ளித் திரும்பி நின்றிருக்கிறது. முன்சக்கரத்தில் பாதி மண்ணில், பாதி காற்றில். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வலது கதவு வழியாக இறங்கினார்கள், ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார் என்றாள். எல்லோரும் இறங்கின பிறகும் நீ இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தாயாம். செலெஸ்தீனோ வந்து உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தானாம். அப்புறம் லாரிக்காரன் கயிறு கட்டி இழுத்திருக்கிறான்.

இதைச் சொல்லிவிட்டு அவள் அழவில்லை. “அம்மா, அந்தப் பக்கத்து சீட்டு என்னோட சீட்டு” என்று மட்டும் சொன்னாள். நான்தான் அழுதேன். கடையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் முன்னால்.

ருஃபீனோ, நான் இப்போது தோற்றுவிட்டுப் பேசுகிறேன். ஞானத்தாய் பட்டம் எனக்கு வேண்டாம். அதற்காகத்தான் போன வருடம் முழுக்க உன்னோடு பேசாமல் இருந்தேன், உண்மை. இப்போது வேண்டாம். என் சாமானை எல்லாம் கழற்றி எறி. வலப்பக்கமும் டொன் கசிமிரோவின் பேடையே போட்டுக்கொள், ஷூவும் அவருடையதே போட்டுக்கொள். அது மெத்தென்றதுதான், பசை போட்டு ஒட்டினதுதான். சூடானால் ஓரம் கட்டி நிறுத்து, கியரில் இறங்கு, அடிக்கடி கழற்றிப் பார். அதை வைத்தும் பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ஊர் கூடி அவர் பெயரையே கத்தட்டும். எனக்கு நீ வேண்டும்.

இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அதனால் பதில் எழுதுவதற்கு முன்னால் சக்கரத்தைக் கழற்று.

அக்கா


கொரோய்க்கோ,
மார்ச் 25

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். நாலு சக்கரத்தையும். இடப்பக்கம் கழற்றினதைத் தரையில் வைத்துப் பார்த்தேன். பேடின் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கிப் போயிருந்தது. ஷூவில் ஒரு மூலையில் லைனிங் தூக்கிக்கொண்டு நின்றது, நகம் உள்ளே போனது. உன்னுடையதையே இரண்டு பக்கமும் மாட்டிவிட்டேன்.

பிறகு அந்த ஷூவை எடுத்துக்கொண்டு டொன் கசிமிரோவிடம் போனேன். பசிலியா ஒரு பெட்டி பீர் கொடுத்தனுப்பினாள். அதை மேசையில் வைத்துவிட்டு, நேராகச் சொன்னேன்.

“உங்க சாமானைக் கழட்டிட்டேன்.”

“கழட்டிட்டுச் சொல்றியா, சொல்லிட்டுக் கழட்டப் போறியா?”

“கழட்டிட்டுத்தான் சொல்றேன்.”

“அப்ப எதுக்கு எங்கிட்ட சொல்ற? போ.”

நான் போகவில்லை. காலும் நகரவில்லை, அதுதான் நிஜம். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். செலெஸ்தீனோ விரலைப் பிரித்தது வரை சொன்னேன். வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை, பசிலியாவிடம்கூட இல்லை. அவர் ஷூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூக்கி நின்ற மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினார், அது மறுபடியும் எழுந்துகொண்டது. ஷூவை மேசையில் வைத்துவிட்டு, “அப்ப உன் வண்டியில எனக்குன்னு என்னடா இருக்கு?” என்றார்.

வாயில் வந்ததைச் சொன்னேன். “முன் கண்ணாடி இருக்கு. உங்க பேர் எழுதலாம்.”

“எவ்வளவு பெருசா?”

அக்கா, அவர் கேட்ட அளவுக்கு எழுதினால் எனக்குப் பாதை தெரியாது. பேசிப் பேசிக் கண்ணாடியின் மேல்விளிம்பு வரை கொண்டுவந்தேன். பீர் பெட்டியை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். என் முறையை என்ன செய்வார் என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் கடைசிதான் என்று தோன்றுகிறது.

இனி உண்மையான விஷயம். வியாழக்கிழமை உருளைக்கிழங்கு மூட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். கணவாய் தாண்டி முதல் வளைவில் மிதித்தேன். வண்டி நேராக நின்றது, அப்படி நேராக நின்று நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. ஆனால் என் கை வலப்பக்கம் ஒடித்துவிட்டது. நான் ஒடிக்கவில்லை, கை தானாக ஒடித்தது. பக்கக் கண்ணாடி பாறையில் பட்டுப் போயிற்று. சரி, கண்ணாடிதானே என்று இறங்கினேன். கீழே வெக்கை ஆரம்பிக்கிற இடத்தில் மறுபடி மிதித்தேன். கை இடப்பக்கம் ஒடித்தது. இத்தனை நாளும் சூடானதும் அங்கே அப்படித்தான் ஒடித்துக்கொண்டு வந்தேன். இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று நீ கேட்டாய். நான் ஓரம் கட்டி நிறுத்தி இறங்கி, ஒரு கல்லில் உட்கார்ந்து, அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். பிரேக் சரியாகிவிட்டது. நான் சரியாகவில்லை.

இது நேராகும் வரை ஆள் ஏற்ற மாட்டேன், மூட்டைதான். நியேவெஸ் என் வண்டிப் பக்கம் வந்தாலும் விடாதே. அவளிடம் என் பெயரைச் சொல்லியே சொல். எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அக்கா.

ருஃபீனோ


எல் ஆல்ட்டோ,
மார்ச் 28

ருஃபீனோ,

கடையை மிளகாய்க்காரியிடம் ஒப்படைத்துவிட்டேன். வியாழக்கிழமை காலையில் வண்டி நிலையத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ மூட்டையோடு இறங்கும்போது நானும் வருவேன். நியேவெஸின் சீட்டில் உட்காருவேன். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் “கை” என்று சொல்வேன், நீ நேராகப் பிடித்துக்கொள். அந்தப் பாதையை நினைத்தாலே எனக்கு வாந்தி வரும், அது உனக்குத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் பை எடுத்து வை.

ஆள் ஏற்ற மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஏற்றாதே. அக்காவை ஏற்று.

இலாரியா